பெத்கெலர்ட்: வேல்ஸ் மலைச் சிற்றூர் ஒன்றின் வரலாற்றைக் காணச் செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேல்ஸ் நாட்டின் பழைமையை அறிய விரும்புவோர் பெரும்பாலும் கார்னார்வன், கான்வி போன்ற பெருங்கோட்டைகளை நாடிச் செல்கின்றனர். அவற்றைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அவை வேல்ஸை வென்ற ஆங்கிலேயர் கட்டிய கோட்டைகள். வேல்ஸ் மக்கள் தம்மைப் பற்றித் தாமே என்ன சொல்லிக்கொண்டார்கள், எதை வணங்கினார்கள், எந்தத் தொழிலால் பிழைத்தார்கள் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் காண விரும்புவோருக்குப் பெத்கெலர்ட் போன்ற ஒரு சிற்றூரே ஏற்றது. அங்கே செல்லத் திட்டமிடுவோர் வழக்கமாக எழுப்பும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே தரப்பட்டுள்ளன.

பெத்கெலர்ட் எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிய ஊர்?

வடமேற்கு வேல்ஸின் குவினெத் பகுதியில், எரரி தேசியப் பூங்காவுக்குள், கிளாஸ்லின் ஆறும் கோல்வின் ஆறும் ஒன்றுசேரும் இடத்தில் இவ்வூர் அமைந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஸ்னோடோனியா என்று அழைக்கப்பட்டுவந்த இப்பூங்கா 1951இல் நிறுவப்பட்டது. 2022 முதல் அதன் நிர்வாகம் எரரி என்ற வேல்ஷ் பெயரையே பயன்படுத்துகிறது. ஊரையும் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளையும் சேர்த்தே ஏறத்தாழ ஐந்நூறு பேர்தான் வசிக்கின்றனர். ஒரு கல்பாலம், அதன் இருபுறமும் கருங்கல் வீடுகள், சில விடுதிகள், ஒரு தேவாலயம் ஆகியவையே ஊர். தென்மேற்கே மொயல் ஹெபோக் மலை ஊரை ஒட்டியே எழுந்து நிற்கிறது.

கெலர்ட் என்னும் நாயின் கல்லறை உண்மையானதா?

இவ்வூருக்கு வருவோரில் பெரும்பாலோர் இந்தக் கல்லறையைப் பார்க்கவே வருகின்றனர். ஊரின் பாலத்திலிருந்து ஆற்றங்கரைப் பாதையில் தெற்கே சில நிமிடங்கள் நடந்தால், புல்வெளியின் நடுவே வேலியிட்ட சிறு இடம் ஒன்றில், மரத்தடியில் நிறுத்திய கற்களையும், வேல்ஷிலும் ஆங்கிலத்திலும் கதையைப் பொறித்த இரண்டு பலகைக்கற்களையும் காணலாம். சற்றுத் தள்ளி, கூரையிழந்த சிறிய கல்வீட்டுக்குள் வெண்கலத்தில் வார்த்த ஒரு நாயின் சிலை நிற்கிறது.

அந்தக் கல்வெட்டு சொல்லும் கதை இது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வட வேல்ஸை ஆண்ட இளவரசர் லவெலினுக்கு இங்கே ஓர் அரண்மனை இருந்தது. ஒரு நாள் அவர் தம் வேட்டை நாயாகிய கெலர்ட் இல்லாமலேயே வேட்டைக்குப் போய்த் திரும்பியபோது, அந்த நாய் உடலெல்லாம் இரத்தத்துடன் ஓடிவந்து அவரை வரவேற்றது. உள்ளே தொட்டில் வெறுமையாகக் கிடந்தது, குழந்தையைக் காணவில்லை. நாயே மகனைக் கொன்றுவிட்டது என்று எண்ணிய லவெலின் வாளை உருவி அதைக் குத்தினார். நாயின் சாவுக் குரலுக்குக் குழந்தையின் அழுகை விடையாக எழுந்தது. தேடிப் பார்த்தபோது குழந்தை நலமாக இருந்தது. அருகே, கெலர்ட் கொன்ற பெரிய ஓநாய் ஒன்று கிடந்தது. அதன்பிறகு அந்த இளவரசர் சிரிக்கவே இல்லை என்கிறது கல்வெட்டு.

லவெலின் என்பவர் உண்மையான மனிதர். 1240இல் இறந்த அவரை வேல்ஸ் வரலாறு ‘பெரிய லவெலின்’ என்றே போற்றுகிறது. இங்கிலாந்து மன்னர் ஜானின் மகளை மணந்தவர் அவர். ஆனால் கல்லறை அவர் காலத்தது அன்று. 1793 அளவில் தெற்கு வேல்ஸிலிருந்து வந்து குடியேறி, 1802இல் கட்டப்பட்ட கோட் விடுதியின் முதல் நிர்வாகியான டேவிட் பிரிச்சர்டு என்பவர், ஊர்க்காரர் சிலரின் துணையோடு அந்தக் கற்களை நட்டு, எங்கோ கேட்ட நாய்க் கதையை இவ்வூரோடும் லவெலினோடும் பொருத்தினார் என்பதே ஆய்வாளர்கள் ஏற்கும் செய்தி. வில்லியம் ராபர்ட் ஸ்பென்சர் என்னும் ஆங்கிலக் கவிஞர் 1800இல் இக்கதையைக் கவிதையாக்கினார். ஜோசப் ஹைடன் அதற்கு ஒரு வேல்ஷ் மெட்டை அமைத்துக் கொடுத்தார். பிரிட்டன் முழுவதும் கதை பரவியதற்கு இந்த இரண்டும் போதுமானவையாக இருந்தன.

எனவே அங்கே லவெலினின் நாய் புதைக்கப்படவில்லை. ஆயினும் அந்த இடத்தைப் பொய் என்று தள்ளிவிடுவது சரியன்று என்பது என் கருத்து. பிரான்சோடு நடந்த நெடும்போரால் ஐரோப்பாவுக்குள் செல்ல முடியாத ஆங்கிலச் செல்வந்தர்கள் வேல்ஸ் மலைகளை நோக்கி வரத் தொடங்கிய அந்த ஆண்டுகளில், ஏழை மலையூர் ஒன்று சுற்றுலாவை நம்பி எப்படி வாழக் கற்றது என்பதற்கு இந்தக் கற்களைவிடத் தெளிவான சான்று வேறெங்கும் இல்லை. இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்ட அந்தக் கற்கள் இன்று தம்மளவிலேயே ஒரு வரலாற்றுச் சின்னம்.

இது நம் கீரிப்பிள்ளைக் கதையைப் போலவே இருக்கிறதே?

போலவே இருப்பது தற்செயல் அன்று. இரண்டும் ஒரே கதைதான். குழந்தையைக் காக்கப் பாம்பைக் கொன்ற கீரியை, அதன் வாயில் இருந்த இரத்தத்தைக் கண்டு தவறாக எண்ணிக் கொன்றுவிட்ட தாயின் கதை பஞ்சதந்திரத்தில் இடம்பெற்றது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், கீரியின் சாவால் கணவனைப் பிரிந்து தவித்த பார்ப்பனப் பெண்ணுக்காகக் கோவலன் தானம் செய்து, அவள் கணவனையும் மீட்டுவந்து சேர்த்துவைத்த செயலை மாடலன் எடுத்துச் சொல்லிப் புகழ்கிறான். தமிழ்நாட்டில் இக்கதை அவ்வளவு முன்னரே எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாக இருந்ததால்தான், இளங்கோவடிகள் அதை விரித்துரைக்காமல் சில அடிகளில் சுட்டிவிட்டுச் செல்கிறார்.

இந்தியாவிலிருந்து இக்கதை பாரசீகம், அரபு மொழிகளின் வழியாக மேற்கே சென்றது. போகும் வழியில் கீரி நாயாக மாறியது. கீரி பெரிதும் அறியப்படாத ஐரோப்பாவில் அதன் இடத்தை வீட்டு நாய் பிடித்ததில் வியப்பில்லை. பாம்பு நெடுங்காலம் பாம்பாகவே இருந்தது. பிரான்சின் லியோன் நகருக்கு அருகே, பாம்பிடமிருந்து குழந்தையைக் காத்துத் தலைவனால் கொல்லப்பட்ட கினிஃபோர் என்னும் நாயைப் பதின்மூன்றாம் நூற்றாண்டு உழவர்கள் புனிதராகவே வணங்கி, நோயுற்ற குழந்தைகளை அதன் கல்லறைக்குக் கொண்டுபோயினர். ரோமாபுரியின் ஏழு ஞானிகள் சொல்வதாக அமைந்த கதைத் தொகுதி ஒன்று பதினான்காம் நூற்றாண்டில் வேல்ஷ் மொழியிலும் எழுதப்பட்டது. அதிலும் இந்த நாய் இருக்கிறது. ‘தன் வேட்டை நாயைக் கொன்றவனைப் போல் வருந்துகிறான்’ என்ற பொருளில் வேல்ஷில் ஒரு பழமொழியும் வழங்கிவந்தது. ஆகவே கல்லறையைப் பிரிச்சர்டு உருவாக்கியிருக்கலாம். கதையை அவர் உருவாக்கவில்லை. பாம்பு ஓநாயாகி, தந்தை இளவரசராகி, இடம் எரரி மலையடிவாரமானது மட்டுமே கடைசியாக நேர்ந்த மாற்றம். அந்தப் பலகைக்கல்லின் முன்னே நின்று படிக்கும் தமிழர், வீட்டில் பாட்டி சொன்ன கதையையே கல்லில் படிக்கிறார்.

அப்படியானால் ஊருக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது?

‘கெலர்ட்டின் கல்லறை’ என்பதே பெயரின் பொருள். இப்பெயர் நாய்க் கதை இங்கே வந்து சேர்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஆவணங்களில் காணப்படுகிறது. கெலர்ட் அல்லது கெலெர்ட் என்ற பெயருடைய பழங்காலத் துறவி ஒருவரையே அது குறிக்கும் என்று பொதுவாகக் கருதப்படுகிறது.

ஊரில் உண்மையாகவே மிகப் பழைமையான கட்டடம் எது?

புனித மரியாள் தேவாலயம். நாயின் கல்லறைக்குப் போவோரில் பலர் இதன் வாசலைக் கடந்தே செல்கின்றனர். உள்ளே நுழைவோர் மிகச் சிலர். எனக்கு இது மிகுந்த வருத்தம் தரும் செய்தி, ஏனெனில் ஊரின் மெய்யான வரலாறு தொடங்குவது இங்கேதான்.

1188இல் சிலுவைப்போருக்கு ஆள் திரட்ட வேல்ஸ் முழுவதும் பயணம் செய்த வேல்ஸ்நாட்டு ஜெரால்டு என்னும் குருவானவர், எரரி மலையடிவாரத்தில் எளிய வாழ்வு நடத்திய துறவியர் குழு ஒன்றைப் பற்றித் தம் நூல்களில் குறிப்பிடுகிறார். அந்தப் பழைய வேல்ஷ் துறவியர் குழுவே பெரிய லவெலினின் காலத்தில் ஐரோப்பிய முறைக்கு மாறி, அகுஸ்தினார் சபையின் மடமாயிற்று. வேல்ஸ் தன் உரிமையை இழந்த 1280களில் இந்த மடம் தீப்பற்றி எரிந்து பழைய பட்டயங்கள் பல அழிந்தன. நாட்டை வென்ற மன்னர் முதலாம் எட்வர்டே அதைச் சீரமைக்க உதவினார். 1286இல் பாங்கர் ஆயர் ஆனியன், மடத்துக்கு உதவும்படி மக்களை வேண்டிய மடலில், கடலிலுள்ள என்லி தீவின் மடம் ஒன்றைத் தவிர வேல்ஸ் முழுவதிலும் இதுவே மிகப் பழைய துறவு மடம் என்று எழுதினார். ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் அது அளித்த விருந்தோம்பலையும் பாராட்டினார். என்லி புனிதத் தலம் என்பதால், அங்கே போவோரும் மலை கடந்து வருவோரும் இந்த மடத்தில் தங்கிச் சென்றனர்.

1530களில் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடங்கள் கலைக்கப்பட்டபோது பெத்கெலர்ட் மடமும் முடிவுக்கு வந்தது. துறவியர் வாழ்ந்த கட்டடங்கள் மறைந்துபோயின. அவர்கள் வழிபட்ட ஆலயம் மட்டும் ஊர்த் தேவாலயமாக நிலைத்தது. உள்ளே நுழைந்ததும் கிழக்குச் சுவரைப் பாருங்கள். ஒன்றையொன்று ஒட்டி, நடுவில் உள்ளது சற்று உயர்ந்து, மேலே ஈட்டி முனைபோல் கூர்ந்த மூன்று நெடிய சன்னல்கள் அங்கே உள்ளன. அவை பதின்மூன்றாம் நூற்றாண்டு வேலைப்பாடு. பிறகு வடக்குப் பக்கம் திரும்பினால், நுணுக்கமான வளைவரிகள் செதுக்கிய கல்வளைவுகளைக் காணலாம். சுவர்கள் முரட்டுக் கல்லால் ஆனவை, சன்னலும் வளைவுகளும் கைதேர்ந்த சிற்பியின் வேலை. பெருஞ்செல்வம் இல்லாத ஒரு மலை மடம், கடவுளுக்கென்று ஒதுக்கிய பகுதிக்கு மட்டும் தன்னால் இயன்ற மிகச் சிறந்த கைத்திறனை வரவழைத்திருக்கிறது. பத்து நிமிடமாவது அமர்ந்து பார்க்க வேண்டிய இடம் இது.

செந்நிறப் பறவைநாகம் வேல்ஸ் கொடிக்கு வந்தது இங்கிருந்துதான் என்கிறார்களே?

கொடியிலுள்ள சிவப்பு டிராகனைப் பற்றிய மிகப் பழைய கதையின் களம், ஊருக்கு வடகிழக்கே ஒன்றரை கிலோமீட்டர் அளவில் உள்ள தினாஸ் எம்ரிஸ் என்னும் காட்டுக் குன்றுதான். ஒன்பதாம் நூற்றாண்டில் இலத்தீனில் எழுதப்பட்ட பிரித்தானியர் வரலாறு அக்கதையைச் சொல்கிறது. கடல்கடந்து வந்து நாட்டைப் பிடித்த சாக்சனியரிடமிருந்து தப்பிவந்த பிரித்தானிய அரசன் வோர்டிகன் இங்கே கோட்டை கட்ட முயன்றான். பகலில் சேர்த்த பொருள்கள் எல்லாம் இரவில் மறைந்தன. தந்தையில்லாமல் பிறந்த சிறுவனைப் பலியிட்டு அவன் இரத்தத்தைத் தெளித்தால் கோட்டை நிலைக்கும் என்றனர் அரசனின் அறிவர்கள். கொண்டுவரப்பட்ட சிறுவனோ, தரைக்கடியில் ஒரு குளம் இருப்பதையும் அதற்குள் வெள்ளையும் சிவப்புமாக இரண்டு பாம்புகள் உறங்குவதையும் சொல்லி, அவ்வாறே தோண்டிக் காட்டினான். விழித்துப் போரிட்ட இரண்டில் முதலில் தோற்பதுபோல் இருந்த சிவப்பு நாகம் இறுதியில் வென்றது. சிவப்பு நம் மக்கள், வெள்ளை சாக்சனியர் என்று சிறுவன் அதற்கு விளக்கம் கூறினான். எம்ரிஸ் என்பது அவன் பெயர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மான்மவுத் ஊரின் ஜெஃப்ரி இவனையே மெர்லின் என்னும் மந்திரவாதியாக்கினார்.

கதையை இங்கே நிறுத்திக்கொள்ளலாம்; ஆனால் 1954 முதல் 1956 வரை சேவரி என்னும் தொல்லியலாளர் இக்குன்றில் அகழாய்வு செய்தபோது, குன்றின் மேற்பரப்பில் மனிதர் அமைத்த ஒரு குளத்தையே கண்டார். ரோமானியர் ஆட்சி மறைந்த பிந்தைய காலத்தில் இங்கே வசதி படைத்தோர் வாழ்ந்தனர் என்பதற்கு, மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்த சாடிகளின் துண்டுகள் சான்றாயின. வோர்டிகன் இங்கே இருந்தான் என்று இதனால் நிறுவப்படவில்லை. ஆனால் ஒன்பதாம் நூற்றாண்டில் கதை எழுதியவருக்கு, இந்தக் குன்றின் மேல் பழைய கோட்டையும் குளமும் உண்டு என்ற செய்தி எட்டியிருந்தது என்று எண்ண இடமுண்டு. பிற்காலத்து வேல்ஷ் இளவரசர் யாரோ கட்டிய நாற்கோணக் காவற்கோபுரத்தின் அடித்தளமும் குன்றின் மேல் எஞ்சியிருக்கிறது.

சிவப்பு டிராகன் கொடி 1959இல்தான் வேல்ஸின் அதிகாரப்பூர்வக் கொடியாயிற்று. இன்று குன்று நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளது. கிராஃப்லுவின் மாளிகை அருகே தொடங்கும் பாதை அருவி ஒன்றைக் கடந்து ஓக் காட்டின் வழியே மேலேறுகிறது. கடைசிப் பகுதி செங்குத்தானது, மழையில் வழுக்கும்.

மலைகளுக்கு நடுவே உள்ள இவ்வூருக்குக் கடலோடு தொடர்பு இருந்ததா?

இருந்தது. ஊருக்குத் தெற்கே கிளாஸ்லின் ஆறு பாறைகளுக்கு இடையே நெருங்கிப் பாயும் அபெர்கிளாஸ்லின் கணவாயின் முடிவில் பழைய கல்பாலம் ஒன்று உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கடலின் ஏற்றநீர் அந்தப் பாலம் வரையில் வந்தது. 1808க்கும் 1811க்கும் இடையே வில்லியம் மாடக்ஸ் என்பவர் ஆற்றின் முகத்துவாரத்தை அடைத்து ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள அணைக்கரையைக் கட்டினார். அதன்பின் கடல் பின்வாங்கி, அகன்ற மணற்பரப்பு மேய்ச்சல் நிலமாயிற்று. அணைக்கரையின் முனையில் போர்த்மாடோக் துறைமுக நகரம் உருவாயிற்று. இன்று பாலத்தின் மேல் நின்று தெற்கே பார்த்தால் பசும்புல் சமவெளி மட்டுமே தெரியும். அந்தச் சமவெளி முழுவதும் ஒருகாலத்தில் கடலின் வசம் இருந்தது என்பதை அறிந்து பார்ப்பவருக்குத்தான், பாறைகள் மண்டிய இந்த மலைமடத்துக்கு வழிப்போக்கர் ஏன் இவ்வளவு பேர் வந்தனர் என்பது விளங்கும்.

செப்புச் சுரங்கங்களைப் பார்க்க முடியுமா?

இம்மலைகளில் செம்பு உண்டு. ஊருக்கு வடகிழக்கே உள்ள சிகுன் சுரங்கம் 1903இல் மூடப்பட்டு, 1986இல் பார்வையாளர்களுக்காக மீண்டும் திறக்கப்பட்டது. குறுகிய குடைவழிகளில் நடந்து செல்லும்போது, தாது கலந்த நீர் சொட்டிச் சொட்டிச் சுவர்களில் படிந்த பச்சையும் செம்பழுப்புமான நிறங்களை அருகிலிருந்து காணலாம். சீனத்தில் நிகழ்வதாக அமைந்த, இங்கிரிட் பெர்க்மன் நடித்த ஒரு ஹாலிவுட் படத்தின் காட்சிகள் 1958இல் வெளியாவதற்கு முன் இச்சுற்றுவட்டாரத்தில் படமாக்கப்பட்டன.

நுழைவுச்சீட்டு இல்லாமல் பார்க்க விரும்புவோர் கும் பைகன் என்னும் மலைப்பள்ளத்துக்குள் செல்ல வேண்டும். அங்கே, தாதுவைக் கூடைகளில் ஏற்றி மலையிலிருந்து கீழிறக்கிய கம்பிவடத் தூக்கின் இரும்புத் தூண்கள் துருப்பிடித்தபடி இன்னும் வரிசையாக நிற்கின்றன. சுற்றிலும் கழிவுக்கல் குவியல்கள். அவற்றில் புல்கூட எளிதில் முளைப்பதில்லை. சுற்றுலாவுக்காகச் செம்மைப்படுத்தப்பட்ட சுரங்கத்தைவிட, உழைத்தவர்களின் வாழ்வை எனக்கு இந்தப் பள்ளமே கூடுதலாக உணர்த்துகிறது. எந்தக் குடைவழிக்குள்ளும் தனியே நுழையக் கூடாது.

ஊர் வழியாகச் செல்லும் சிறிய ரயில் பழைமையானதா?

பாதை பழையது, அதன் மறுபிறப்பு புதியது. ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் அகலமே உள்ள வெல்ஷ் ஹைலேண்டு ரயில் பாதை 1923இல் பெத்கெலர்ட் வழியாகப் போர்த்மாடோக் வரை திறக்கப்பட்டது. தொடங்கியது முதலே வருவாய் போதவில்லை, பேருந்துகளும் வந்துவிட்டன. 1936இல் பயணிகள் சேவை நின்றது, மறு ஆண்டில் சரக்கும் நின்றது, இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. அரை நூற்றாண்டுக்குப் பின் ஆர்வலர்களும் தொண்டர்களும் அதைப் படிப்படியாக மீட்டனர். 2009இல் வண்டி மீண்டும் பெத்கெலர்ட் வந்தது, 2011இல் கார்னார்வன் முதல் போர்த்மாடோக் வரை நாற்பது கிலோமீட்டர் முழுவதும் ஓடத் தொடங்கியது. இன்று இதை இழுக்கும் பெரிய கேரட் வகை நீராவி எஞ்சின்கள், மான்செஸ்டரில் உருவான வடிவமைப்பில், தென்னாப்பிரிக்காவில் உழைத்து ஓய்வு பெற்றவை.

ரயிலுக்குள் இருப்பவர் ஊரைவிட்டு வடக்கே ஏறும்போது சன்னலருகே அமர வேண்டும். நாற்பது அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில், பாதை வளைந்து வளைந்து ஏறுவதால், முன்னே செல்லும் எஞ்சினைத் தம் பெட்டியிலிருந்தே காணலாம். இந்த ரயில் பாதை வருவதற்கு முன்னரே, 1900களின் தொடக்கத்தில் வேறொரு நிறுவனம் தொடங்கிக் கைவிட்ட பாதைக்கெனக் கட்டிய பாலம் ஒன்று ஊரருகே எந்தத் தண்டவாளத்தையும் தாங்காமல் தனித்து நிற்கிறது.

இப்பகுதியின் புலவர்களைப் பற்றி ஏதும் அறியலாமா?

அவசியம் அறிய வேண்டும். அரண்மனையை விடப் பாட்டுக்கே பெயர் பெற்ற மண் இது. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ரிஸ் கோக் எரரி, பெத்கெலர்ட்டுக்குத் தெற்கே ஹஃபோத் கரேகோக் என்ற இல்லத்தோடு தொடர்புடையவர். அதே நூற்றாண்டின் தாவித் நான்மோர், அருகிலுள்ள நான்மோர் பள்ளத்தாக்கின் பெயரையே தம் பெயரோடு சுமந்தவர். புரவலரைப் புகழ்ந்து, கடுமையான யாப்பில், ஒலிநயம் பிசகாமல் பாடிய மரபைச் சேர்ந்தவர்கள் இவர்கள். இங்கிலாந்துக்கு எதிராக 1400இல் கிளர்ந்தெழுந்த ஓவைன் கிளின்டூர், துரத்திவந்தோரிடமிருந்து தப்பி மொயல் ஹெபோக்குக்கு அடுத்த மொயல் அர் ஓகோவ் மலையின் குகையில் ஒளிந்திருந்தார் என்றும், ரிஸ் கோக் அவருக்கு அடைக்கலம் கொடுத்தார் என்றும் ஊரார் சொல்வதுண்டு.

கிளாட்ஸ்டன் பாறை என்பது என்ன?

நான்ட் குவினன்ட் பள்ளத்தாக்கிலிருந்து, வேல்ஸின் மிக உயர்ந்த மலையான ஸ்னோடனின் உச்சிக்குப் போகும் வாட்கின் பாதை 1892 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அப்போது 82 வயதில், நான்காம் முறையாகப் பிரதமராக இருந்த கிளாட்ஸ்டன், மலைப்பாதையோரத்துப் பாறை ஒன்றின் மேல் நின்று திரண்டிருந்த மக்களிடம் உரையாற்றினார்; வேல்ஸின் நிலப் பிரச்சினையே அந்த உரையின் பொருள். பாறையில் நினைவுப் பலகை பதிக்கப்பட்டுள்ளது. இதைச் சுற்றியுள்ள ஹஃபோத் அ லான் மலைப்பண்ணையை 1998இல் நேஷனல் டிரஸ்ட் பொதுமக்களின் நன்கொடையால் வாங்கியது. வேல்ஸில் பிறந்த நடிகர் அந்தோணி ஹாப்கின்ஸ் அதற்குப் பத்து லட்சம் பவுண்டு கொடுத்தார்.

ஒரே நாள் மட்டும் இருப்பவர் எதை முதலில் பார்க்க வேண்டும்?

காலையில் தேவாலயம், அங்கிருந்து ஆற்றங்கரையோடு நாயின் கல்லறை, பிறகு ஊருக்குத் திரும்பி நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கும் பதினேழாம் நூற்றாண்டுக் கல்வீடான டீ இசாஃப். மதியத்துக்குமேல் தினாஸ் எம்ரிஸ் குன்று. கால் வலுவுள்ளவர் குன்றுக்குப் பதிலாகக் கும் பைகன் ஏறி, அபெர்கிளாஸ்லின் கணவாயின் மீனவர் பாதை வழியாக ஊர் திரும்பலாம். அப்பாதை சில இடங்களில் பாறையைப் பற்றிக்கொண்டு நடக்க வேண்டிய அளவுக்கு ஒடுங்கியது. இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் எதையும் நின்று பார்க்க முடியாது.

போகும் முன் வீட்டிலிருந்தே ஆவணங்களைப் பார்க்க வழி உண்டா?

உண்டு, வேல்ஸ் இவ்விஷயத்தில் மிகத் தாராளமான நாடு. அபெரிஸ்துவித் நகரில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம், 1919 வரையிலான பழைய செய்தித்தாள்களை இணையத்தில் கட்டணமின்றித் தேடிப் படிக்கத் தந்துள்ளது. ஊரின் பெயரைத் தட்டினாலே விடுதி விளம்பரம் முதல் வெள்ளச் செய்தி வரை கிடைக்கும். வேல்ஸின் தொல்சின்னங்களுக்கான அரச ஆணையம் நடத்தும் காஃப்லைன் என்னும் தரவுத்தளத்தில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் இடிபாட்டுக்கும் தனிக் குறிப்பு உண்டு. மூல ஆவணங்களை நேரில் காண வேண்டுவோர் கார்னார்வனில் உள்ள குவினெத் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டுச் செல்வது நல்லது.

எந்தப் பருவத்தில் செல்லலாம்? எவற்றில் கவனம் வேண்டும்?

மே, ஜூன் மாதங்களில் பகல் நீண்டும் கூட்டம் குறைந்தும் இருக்கும். ரயிலும் சுரங்கமும் குளிர்காலத்தில் நாள்தோறும் இயங்குவதில்லை என்பதால் புறப்படும் முன் அவற்றின் கால அட்டவணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் மழை மிகுந்த மலைகளில் எரரியும் ஒன்று. வெயிலடிக்கும் காலையிலும் மழைச்சட்டையும் பிடிப்புள்ள காலணியும் கையோடு இருக்கட்டும். மேய்ச்சல் நிலங்களின் கதவுகளைத் திறந்தால் மீண்டும் சாத்த வேண்டும், ஆடுகள் வெளியேறிவிடும். வழிகாட்டிப் பலகைகளில் வேல்ஷ் பெயரே முதலில் இருக்கும் இடங்கள் பல; ஸ்னோடன் சிகரம் அங்கே அர் வித்வா என்றே எழுதப்பட்டிருக்கும். நில வரைபடத்தில் அந்தப் பெயர்களையும் முன்கூட்டியே குறித்துவைத்துக்கொண்டால், பாதை பிரியும் இடத்தில் குழப்பம் வராது.